பதின்மூன்று வரிகள் கொண்ட படிவம்: கும்பு பள்ளத்தாக்கில் ஒரு பயண மருத்துவப் பயிற்சி நடை

பின்னணி

காவிரிக் கரையில், கடல்மட்டத்திலிருந்து முப்பது மீட்டர்கூட உயராத ஓர் ஊரில் பொது மருத்துவராக இருக்கும் எனக்கு, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை உயர நோய் என்பது நெடுங்காலம் பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியாகத்தான் இருந்தது. யாத்திரைக்குப் போகிறவர்களால்தான் அந்த நிலை மாறியது. வைணவர்களின் 108 திவ்ய தேசங்களுள் சாளக்கிராமம் என்று போற்றப்படும் முக்திநாத், நேபாளத்தில் 3,700 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. கயிலாயத்தை வலம் வருபவர்கள் 5,600 மீட்டரைத் தாண்டிய டோல்மா லா கணவாயைக் கடக்க வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள அறுபத்தைந்து வயதுப் பெரியவர்கள் பயணத்துக்கு நான்கு நாள் முன்பு வந்து உட்கார்ந்து, "மூச்சுத் திணறலுக்கு ஏதோ மாத்திரை இருக்கிறதாமே, எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கும்போது, அந்த மாத்திரையின் பெயரைத் தவிர எனக்கு வேறு எதுவும் உறுதியாகத் தெரியவில்லை என்பதே உண்மை.

அந்தக் குறையைப் போக்கிக்கொள்ளவே, எவரெஸ்ட் சிகரத்தின் தென்புறம் உள்ள கும்பு பகுதியில் நடந்த பதினாறு நாள் பயிற்சி நடையில் சேர்ந்தேன். தலைமையேற்றவர் மலை மருத்துவத்தில் பட்டயம் பெற்ற நேபாள மருத்துவர். பயிற்சி பெற வந்தவர்கள் பன்னிரண்டு மருத்துவர்கள், அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். பகலில் நடை, மாலையில் விடுதியின் சாண அடுப்பைச் சுற்றி ஒன்றரை மணி நேர வகுப்பு, இடையிடையே மடங்களையும் வீடுகளையும் ஊர்களையும் அறிந்துகொள்வது என்று திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. எவரெஸ்ட் அடிவார முகாம் திட்டத்தில் இல்லை. இவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் திரும்புவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆயினும், போய்ச் சேர வேண்டிய இலக்கு என்று ஒன்று இருந்துவிட்டால் யாரும் தலைவலியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தலைமை மருத்துவர் சொன்ன காரணம் சரியானது என்றே இன்றும் கருதுகிறேன்.

பயிற்சியின் பெரும்பகுதி நன்றாகவே நடந்தது. இந்த ஆய்வு, அது தவறிய ஓர் இரவை மையமாகக் கொண்டது. அந்தத் தவறு எங்களுடையது.

காத்மாண்டு

நாங்கள் காத்மாண்டுவில் இறங்கிய மறுநாள் குகுர் திஹார். தமிழ்நாட்டில் தீபாவளி கொண்டாடும் அதே சதுர்த்தசி நாளில் நேபாளத்தில் நாய்களுக்குச் சாமந்தி மாலை போட்டு, நெற்றியில் திலகமிட்டு, தின்பண்டம் வைத்து வணங்குகிறார்கள். வீட்டு நாய், தெரு நாய் என்ற பாகுபாடு கிடையாது. விடுதி வாசலில் படுத்திருந்த ஒரு கிழட்டு நாய்க்கு மாலை போட எங்களில் ஒருவர் குனிந்தபோது, அதன் காதருகே ஆறாத புண் இருந்ததைக் கண்டு கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தலைமை மருத்துவர் அன்றைய பாடத்தை நடைபாதையில் வைத்தே தொடங்கிவிட்டார். பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம் என்று கேட்டார். மூன்று கைகள் உயர்ந்தன. வாரந்தோறும் நாய்க்கடி நோயாளிகளைப் பார்க்கிற ஒன்பது மருத்துவர்கள் தங்களுக்கென்று வந்தபோது அதை மறந்திருந்தோம்.

முன்தடுப்பூசியின் பயன் அங்கேதான் கண்கூடாகப் புரிந்தது. அதைப் போட்டுக்கொண்டவருக்குக் கடிபட்ட பிறகு உடனே ஒன்றும் அதற்கு மூன்று நாள் கழித்து ஒன்றுமாக இரண்டு ஊசிகள் போதும், ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. போட்டுக்கொள்ளாதவருக்கு ஆழமான கடியென்றால் இம்யூனோகுளோபுலின் கட்டாயம் வேண்டும். மலைப்பாதையில் ஐந்து நாள் தொலைவில் இருக்கும் ஒருவருக்கு அது ஹெலிகாப்டரில் திரும்புவதற்குச் சமம். திருநாளைக் குறை கூறாமலும், நாயைத் தொடாதே என்று அதட்டாமலும், மாலையை எப்படிப் போடுவது, எந்த நாய்க்குப் போடக் கூடாது என்பதை அவர் விளக்கிய விதம், பண்பாட்டையும் மருத்துவத்தையும் ஒரே வகுப்பில் வைத்துச் சொல்ல முடியும் என்பதற்கு நான் கண்ட மிகச் சிறந்த சான்று. வயிற்றுப்போக்கு, தண்ணீர், டைபாய்டு ஆகியவற்றுக்கு மறுநாள் ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

நாம்சே வரை

இலையுதிர்காலக் கூட்ட நெரிசலில் நடை தொடங்கும் லுக்லாவுக்கான விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து அல்லாமல் மந்தலியிலிருந்து புறப்படுகின்றன. அதனால் நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து, வளைவு வளைவாக ஐந்து மணி நேரம் வேனில் போய், 500 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ள ஓடுதளத்தில் விமானம் ஏறி, இருபது நிமிடத்தில் 2,860 மீட்டர் உயரத்தில் இறங்கினோம். லுக்லாவின் ஓடுதளம் 527 மீட்டர் நீளம், மலைச்சரிவை நோக்கி மேலேறும் சாய்வு. அதில் இறங்கும்போது பேச்சு நின்றுவிடுகிறது.

3,000 மீட்டருக்கு மேல் ஓரிரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது இத்துறையில் ஏற்கப்பட்ட விதி. வழக்கமான நடைக்குழுக்கள் ஃபாக்டிங்கிலிருந்து (2,610 மீட்டர்) ஒரே நாளில் நாம்சே பஜாருக்கு (3,440 மீட்டர்) ஏறிவிடுகின்றன. நாங்கள் நடுவில் மோஞ்சோவில் (2,835 மீட்டர்) ஓரிரவு தங்கி, நாம்சேயில் மூன்று இரவுகளைச் செலவிட்டோம். பகலில் ஏறி இரவில் இறங்கித் தூங்குவது உடலைப் பழக்கும் என்பதால், நாம்சேயில் தங்கிய நாட்களில் ஒன்றில் மேலே கும்ஜுங், குண்டே ஊர்களுக்குச் சென்று திரும்பினோம்.

குண்டே இப்பயிற்சியின் பண்பாட்டுப் பகுதிக்கு இதயம் போன்றது. எட்மண்ட் ஹிலாரி 1961இல் கும்ஜுங்கில் பள்ளியையும் 1966இல் குண்டேயில் மருத்துவமனையையும் அமைத்தார். அப்போது உப்பில் அயோடின் இல்லாதிருந்த இப்பகுதியில் முன்கழுத்துக் கழலையும், பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் மிகுந்திருந்தன. 1966இல் மக்களுக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி போடப்பட்ட பிறகே நிலைமை மாறியது. அம்மருத்துவமனையில் உதவியாளராகத் தொடங்கி, ஃபிஜியில் மருத்துவம் படித்துத் திரும்பி, அதையே நடத்தும் பொறுப்பேற்ற காமி டெம்பா ஷெர்பாவின் கதையை எங்கள் வழிகாட்டி பெருமையுடன் சொன்னார். நோயாளி முதலில் லாமாவிடம் போய் நாள் பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு வருவதும், மருத்துவமனையிலிருந்து லாமாவிடம் போவதும் இங்கே முரணாகக் கருதப்படுவதில்லை. திருநீறு பூசிக்கொண்டு வந்து மாத்திரை வாங்கிப் போகும் நோயாளிகளைப் பார்க்கும் எங்களுக்கு அது வியப்பாகவும் இல்லை.

ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்கு நாங்கள் ஒரு படிவத்தை நிரப்பினோம். கனடாவின் லேக் லூயிஸ் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் மதிப்பெண் முறை அது, 2018இல் திருத்தப்பட்டது. தலைவலி, வயிற்றுக் கோளாறு, களைப்பு, தலைசுற்றல் ஆகிய நான்குக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் இட வேண்டும். தலைவலி இருந்து, மொத்தம் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் அது மலை உயர நோய். விரல் நுனியில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவும் ஓரத்தில் எழுதப்பட்டது. உயர நோயைத் தடுக்க நாளுக்கு இருமுறை 125 மில்லிகிராம் அசிட்டசோலமைடு மாத்திரை எடுத்துக்கொண்டவர்கள் விரல் நுனிகள் மதமதப்பதாகச் சொன்னார்கள்; நாம்சேயில் ஒருவர் வாங்கிய சோடா உப்புச்சப்பில்லாமல் இருப்பதாகச் சொல்லி, காலாவதியானது என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். வாயுக் குமிழின் சுவையை அம்மருந்து கெடுக்கும் என்பதைப் படித்திருந்தும் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டது அடுத்த நாள்தான். இன்னொருவர் படிவம் நிரப்புவதற்கு அரை மணி முன்பாகப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, தலைவலிக்கு எதிரே தினமும் பூஜ்யம் இட்டிருந்தார் என்பது ஊர் திரும்பிய பிறகே தெரிந்தது.

அப்படிவத்தில் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் தலைமை மருத்துவருக்குமாகப் பதின்மூன்று வரிகள் இருந்தன. குழுவில் இருந்தவர்களோ இருபத்திரண்டு பேர்.

டிங்போச்சே, பன்னிரண்டாம் நாள் இரவு

மீதி ஒன்பது பேர், சிர்தார் என்று அழைக்கப்படும் தலைமை வழிகாட்டி, அவருடைய உதவியாளர், எங்கள் மூட்டைகளைச் சுமந்த ஏழு போர்ட்டர்கள். வழிகாட்டிகள் இருவரும் ஷெர்பாக்கள். போர்ட்டர்கள் அல்லர். அவர்கள் தெற்கே, 1,500 மீட்டருக்கும் தாழ்ந்த மலையடிவார ஊர்களிலிருந்து பருவத்துக்குப் பருவம் கூலிக்கு வரும் ராய் இனத்தவர்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக உயரத்தில் வாழ்ந்த திபெத்திய வழிவந்தவர்களின் உடலில் உள்ள மரபுத் தகவமைப்பு ராய்களுக்கு அந்த அளவுக்கு இல்லை; உயர நோய் அவர்களுக்கும் எங்களைப் போலவே வரும். இதை ஒரு மாலை வகுப்பில் திரையில் பார்த்துக் குறிப்பும் எடுத்திருந்தோம். வகுப்பு முடிந்ததும் அவர்கள் எங்கள் பைகளை அறைக்குத் தூக்கி வந்தார்கள்.

நாம்சேயில் ஒரு போர்ட்டருக்குக் கணுக்கால் பிசகியதால், அவருக்குப் பதிலாகப் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். தன் ஊரிலிருந்து லுக்லா வந்து ஓரிரவு தூங்கி, மறுநாளே நாம்சேக்கு ஏறி வந்திருந்தார். அடுத்த நாள் காலை, நெற்றிப் பட்டையில் முப்பது கிலோ சுமையுடன் எங்களோடு தெங்போச்சேக்குப் புறப்பட்டார். நாங்கள் ஏழு நாளில் அடைந்த உயரத்தை அவர் மூன்று நாளில் சுமையோடு அடைந்தார் என்ற கணக்கை அன்று யாரும் போடவில்லை. எங்கள் பயணத்திட்டம் மெதுவானது என்பதில் எங்களுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அந்த மெதுவான திட்டம் எங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

தெங்போச்சே மடத்தின் (3,860 மீட்டர்) மாலை வழிபாட்டில் அமர்ந்தோம். 1934 நிலநடுக்கத்தில் இடிந்து, 1989இல் தீக்கிரையாகி, மீண்டும் எழுந்த மடம் அது. பாங்போச்சேயில் (3,985 மீட்டர்) கும்புவின் மிகப் பழைய மடத்தைப் பார்த்தோம். மந்திரம் பொறித்த மணிக்கற்களை எப்போதும் வலப்புறம் விட்டு நடக்கப் பழகியிருந்தோம். இந்த நாட்களில் அந்த இளைஞருக்கு இருமல் தொடங்கியிருந்தது. கும்புவில் குளிர்ந்த வறண்ட காற்றால் எல்லாருக்கும் இருமல் வரும் என்பதால், அதைக் கேட்டவர்கள்கூடப் பொருட்படுத்தவில்லை.

டிங்போச்சேயில் (4,410 மீட்டர்) இரண்டாவது இரவு. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. பதினொன்றே முக்கால் மணிக்கு விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் அக்கா தலைமை மருத்துவரின் கதவைத் தட்டினார். அந்தப் பையன் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருக்கிறான், லேக் லாக்யோ என்று மற்றவர்கள் சொல்கிறார்கள் என்றார். மேட்டு நிலம் பிடித்துக்கொண்டது என்பது போன்ற பொருளுடைய நேபாளிச் சொல் அது. மலை உயர நோய்க்கு ஊர்மக்கள் வழங்கும் பெயர். இரண்டு நாட்களாகவே போர்ட்டர்கள் தங்களுக்குள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பூண்டுக் கஞ்சியும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். நோய் இன்னதென்று கண்டறிந்தவர்கள் அவர்கள்தான். எங்களுக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் நாங்கள் கேட்கவில்லை. சொன்னால் சம்பளம் பாதியில் நின்றுவிடும் என்ற அச்சமும் இருந்தது.

உணவுக்கூடத்தின் பலகையில் அவர் அமர்ந்திருந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ஆக்சிஜன் அளவு 58 விழுக்காடு. அதே வேளையில் எங்கள் அளவுகள் 82க்கும் 89க்கும் இடையே இருந்தன. நாடித்துடிப்பு 128, நிமிடத்துக்கு 36 மூச்சு. வலது அக்குளுக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது, காதருகே தலைமுடியை விரல்களால் உரசினால் கேட்பது போன்ற நுண்ணிய கரகரப்பு தெளிவாகக் கேட்டது. நினைவு தெளிவாக இருந்தது. நேர்கோட்டில் குதிகாலும் நுனிவிரலும் ஒட்டி நடக்கச் சொன்னபோது தள்ளாடவில்லை என்பதால், மூளை வீக்கம் சேரவில்லை என்று கொண்டோம். உயரத்தால் நேரும் நுரையீரல் நீர்க்கோப்பு என்பதில் ஐயம் இல்லை. மருத்துவம் அனைத்தும் நேபாளத்தில் பதிவு பெற்ற தலைமை மருத்துவரின் பொறுப்பில் நடந்தது. நாங்கள் அங்கே கைகள் மட்டுமே.

சிகிச்சையில் முதலிடம் கீழே இறக்குவதற்கு. ஆனால் இரவு, உறைபனி, வழுக்கும் பாதை. ஹெலிகாப்டர் இரவில் பறக்காது. இருந்தது நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள ஒரே ஆக்சிஜன் உருளை. முழு அழுத்தத்தில் சுமார் 800 லிட்டர், நிமிடத்துக்கு நான்கு லிட்டர் வீதம் விட்டால் மூன்று மணி இருபது நிமிடம். விடியலுக்கு அது போதாது. நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிப்பின் மாத்திரையை, மெதுவாக வெளிவிடும் வகையில் 30 மில்லிகிராம் கொடுத்து, ஒரு மணி நேரம் ஆக்சிஜன் வைத்து அளவை 88க்குக் கொண்டுவந்த பின், மீதியைப் பயணத்துக்காக மிச்சப்படுத்தி, கையோடு கொண்டுவந்திருந்த அழுத்தப் பையில் அவரை வைத்தோம். காற்றுப் புகாத நீளமான பை. காலால் அழுத்தும் பம்பால் உள்ளே காற்றை ஏற்றினால், படுத்திருப்பவருக்கு 2,700 மீட்டர் வாக்கில் இறங்கியதற்குச் சமமான அழுத்தம் கிடைக்கும். நீர்க்கோப்பு உள்ளவரால் மட்டமாகப் படுக்க முடியாது என்பதால், உணவுக்கூடப் பலகைகளை அடுக்கிச் சாய்தளம் அமைத்து அதன்மேல் பையை வைக்க வேண்டியிருந்தது. உள்ளே கரியமிலவாயு தங்காமலிருக்கப் பம்பை நிறுத்தவே கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருவராக, பன்னிரண்டு பேரும் மாறி மாறி மிதித்தோம். அந்த உயரத்தில் பத்து நிமிடம் பம்பு மிதிப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தபோது, முப்பது கிலோவுடன் மேடேறுவது என்ன என்பதும் விளங்கியது. பையின் சாளரம் வழியே அவர் சிர்தாரிடம் ஏதோ சொன்னார். நாளைக்குத் தன் சுமையை யார் எடுப்பார்கள் என்று கேட்டாராம்.

விடிந்ததும் ஹெலிகாப்டருக்குப் பேசினோம். கட்டண உத்தரவாதத்துக்குக் காப்பீட்டு எண் கேட்டார்கள். சிர்தார் எடுத்துக் கொடுத்த தாளில் இருந்தது, நாம்சேயில் நின்றுவிட்ட பழைய போர்ட்டரின் பெயர். ஆள் மாறியபோது காப்பீட்டை யாரும் மாற்றவில்லை. நாங்களே பணம் போட்டுக் கட்டுவது என்று முடிவாகி, அதை அவர்கள் ஏற்பதற்குள் குதிரை ஒன்று கிடைத்துவிட்டது. உழைப்பு நுரையீரல் அழுத்தத்தைக் கூட்டும் என்பதால் ஓரடிகூட நடக்கவிடாமல், மிச்சமிருந்த ஆக்சிஜனுடன் குதிரையில் இறக்கினோம். பாங்போச்சேயில் ஆக்சிஜனை நிறுத்திப் பார்த்தபோது 76. மாலையில் நாம்சேயில் 86. இரண்டு நாளில் இருமலும் குறைந்தது, நன்றாகச் சாப்பிட்டார். அவருடைய முழு நாட்களுக்கான கூலியும் வழங்கப்பட்டது. நல்லபடியாக முடிந்தது என்பதால் தவறு சிறியதாகிவிடாது. அந்தச் சமையலறை அக்கா அன்றிரவு தூங்கிப் போயிருந்தால் இந்த ஆய்வு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

எங்கே தவறினோம்

மருத்துவ அறிவில் குறை இல்லை. நோயைக் கண்டதும் ஒவ்வொரு படியும் பாடத்தில் உள்ளபடியே நடந்தது. குறை, யாரை நோயாளியாக எண்ணிப் பார்த்தோம் என்பதில் இருந்தது. பயிற்சிக்குப் பணம் கட்டியவர்களின் பெயர்களைக் கொண்டு படிவம் அச்சிடப்பட்டது. மலையில் ஏறுகிறவர்களின் பெயர்களைக் கொண்டு அல்ல. இதில் எனக்கு அதிகம் உறுத்துவது, பண்பாட்டுப் பகுதியும் அதே தவறைச் செய்தது என்பதுதான். ஷெர்பாக்களின் மடங்களையும் விருந்தோம்பலையும் பற்றிப் பன்னிரண்டு நாட்கள் கற்ற நாங்கள், எங்கள் பைகளைச் சுமந்தவர்கள் எந்த ஊரினர், என்ன மொழியினர், நோயை என்ன சொல்லால் குறிப்பார்கள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. லேக் லாக்யோ என்ற இரண்டு சொற்களை முதல் நாள் கற்றிருந்தால், பாங்போச்சேயிலேயே அவை எங்கள் காதில் விழுந்திருக்கும்.

மீதி நாட்களில் தலைமை மருத்துவர் படிவத்தைக் கையாலேயே கோடு போட்டு இருபத்திரண்டு வரிகளாக்கினார். போர்ட்டர்களின் நிலையை ஆங்கிலத்தில் கேட்காமல், அவர்களில் எழுதத் தெரிந்த ஒருவரே கேட்டு நிரப்பினார். இடையில் சேரும் ஆள் கடந்த மூன்று இரவுகள் எங்கே தூங்கினார் என்ற கேள்வி முதல் வரியில் சேர்ந்தது. காப்பீட்டுத் தாளைப் பெயர் பார்த்துச் சரிபார்ப்பது சிர்தாரின் வேலை என்றிருந்தது, பயிற்சி பெறுபவர்களின் அன்றாட வேலையாயிற்று. நோயுற்று இறங்கினாலும் கூலி குறையாது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டதுதான் இவற்றுள் முக்கியமானது என்பது என் கணிப்பு. அதைச் சொன்ன மறுநாளே இரண்டு போர்ட்டர்கள் தலைவலி இருப்பதாகச் சொன்னார்கள்.

ஊர் திரும்பிய பிறகு, யாத்திரிகர்களிடம் நான் கேட்கும் கேள்விகளும் மாறின. அண்மையில் முக்திநாத் செல்லும் குழு ஒன்றின் ஏற்பாட்டாளர் உடற்தகுதிச் சான்றிதழ்களுக்காக வந்தார். மொத்தம் 26 பேர் என்று பட்டியலை நீட்டினார். வழியெல்லாம் யார் சமைப்பார்கள் என்று கேட்டேன். இங்கிருந்தே இரண்டு சமையல்காரர்களையும் ஓர் எடுபிடிப் பையனையும் கூட்டிப் போவதாகச் சொன்னார். அவர்களுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உண்டா என்று கேட்டதற்கு, விசாரித்துச் சொல்வதாகக் கூறினார். பட்டியலை வாங்கி 27, 28, 29 என்று எண்ணிட்டு, பெயருக்கு இடம் விட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.